கோட்டு மடிப்பில் ஒன்பது மாத்திரைகள்

ஊர் ஊராகப் போகும் ஓர் இசைக்குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் அத்தைக்கு. மேடையில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், ஆடுகிறவர்கள் என்று இருபத்திரண்டு பேருடைய துணியும் அவள் பொறுப்பு. துவைக்கக் கொடுப்பாள், தேய்ப்பாள், பிரிந்ததைத் தைப்பாள். யாருடைய கால்சட்டை இனி யாருடைய இடுப்பில் ஏறாது என்பது அவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பட்டன் அக்கா என்று சொன்னால்தான் குழுவில் எல்லோருக்கும் புரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிப் போன என் அப்பாவை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஒருமுறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு லாரியின் பின்பகுதிதான் அவளுடைய அறை. சக்கரம் வைத்த இரண்டு துணிக் கம்பிகள், மடக்கு மேசை, நீராவி இஸ்திரிப் பெட்டி, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிய ஒரு தகரப் பெட்டி. மூடி கழன்ற மின்விசிறி ஒன்றும் உண்டு. அதன் பக்கம் துப்பட்டாவோடு யார் வந்தாலும் அத்தை கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டுவாள். ஜிகினா வைத்த கோட்டுகளைத் துவைக்க முடியாது. அவற்றை உட்புறம் திருப்பி, மலிவான வோட்காவைத் தெளித்துக் காற்றில் தொங்கவிட்டால் வியர்வை நாற்றம் போய்விடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அதனால், வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காத என் அத்தைக்கு எந்தக் கடையில் எது மலிவு என்று அத்துப்படி. கடைக்காரர்கள் அவளைப் பார்க்கும் பார்வையைச் சொல்லிச் சிரிப்பாள்.

பைகளைப் பற்றி அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. துணியை மேசையில் விரிக்குமுன் எல்லாப் பைகளையும் துழாவிக் காலி செய்வாள். கிடைத்ததை ஒரு காகித உறையில் போட்டு, அந்தத் துணியிலேயே ஊக்கு குத்தித் தொங்கவிடுவாள். பல்செட்டு, மோதிரம், பஸ் டிக்கெட், மனைவிக்கு எழுதாத காதல் கடிதம் என்று எதெதுவோ வரும். எது வந்தாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனால் இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை வந்திருக்கிறது. நடனக்காரப் பெண் ஒருத்தியின் பாவாடை மடிப்பில் சின்ன மதுப் புட்டி இருந்தது. அந்தப் பெண் ஆடும்போது விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அத்தை மேனேஜரிடம் சொன்னாள். மேனேஜர் அன்று மதியமே பெண்ணைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அவளுக்கு இரண்டு குழந்தைகள். பஸ்ஸில் ஏறுமுன் அந்தப் பெண் லாரிக்கு வந்து, அந்த மேடைப் பாவாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகு அத்தை யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. என் கல்யாணப் பேச்சில்கூட அவளிடமிருந்து எங்களால் ஒரு கருத்தையும் பிடுங்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், குழுவின் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள், லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் இரும்புப் பெட்டி அறை ஒன்றைத் திடலின் பின்புறம் இறக்கினார்கள். எட்டு என்று எண் போட்டிருந்தது. மனசு சரியில்லாதவர்களும், குடியையோ மாத்திரையையோ விட முடியாதவர்களும் அங்கே போய்ப் பேசலாம், எதுவும் வெளியே போகாது என்றார்கள். சுமை ஏற்றுகிற ஆட்கள் அதற்கு உடனே ‘லூசுப் பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். யாராவது அந்தப் பக்கம் நடந்தால் போதும், “என்னடா, எட்டாம் நம்பரா? எங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வை” என்பார்கள்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் முன்பு அதே குழுவில் ஒலிபெருக்கி வேலை பார்த்தவர். வந்த முதல் நாளே அத்தையிடம் வந்து, “அக்கா, ஒரு காலத்துல உங்க ஸ்ப்ரே பாட்டில் காலி ஆகிட்டே இருக்கும், ஞாபகம் இருக்கா? வெயில்ல ஆவியாகுதுன்னு சொல்வீங்க. அந்த வெயில் நான்தான்” என்றார். அத்தை சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து வோட்காவை நிறுத்திவிட்டு வினிகரும் தண்ணீரும் கலந்து தெளித்தாள். அவருக்காகத்தான் என்று சொல்லவில்லை. அவர்மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. எதுவும் வெளியே போகாது என்ற பேச்சில் மட்டும் நம்பிக்கை இல்லை. “வாயத் தொறக்க மாட்டேன்னு போர்டு எழுதி மாட்டுறவனப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு இருபத்தொன்பது வயது. முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. ஒரு நாள் நடுப்பாட்டில் விரல்களைக் கட்டையின்மேல் வைத்தபடியே தூங்கிவிட்டான். ஒரே ஸ்வரம் நீளமாக ஒலித்துக்கொண்டிருந்தது. கூட்டம் அதற்குக் கைதட்டியது. அதன்பின் பத்து வாரம் சிகிச்சை மையத்தில் இருந்தான். திரும்பி வரும்போது மேனேஜர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இன்னொரு முறை பிடிபட்டால் வேலை இல்லை. பையன் தினமும் மூன்று மணிக்கு எட்டாம் நம்பருக்குப் போனான், கேலியைப் பொருட்படுத்தவில்லை. மையத்தில் பொழுதுபோக்குக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அத்தையிடம் பெருமையாகக் காட்டினான். தன் கைக்குட்டையின் ஓரத்தைத் தானே தைத்திருந்தான். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கோழி நடந்த மாதிரி இருக்கு. நீ கீபோர்டையே வாசி தம்பி” என்றாள்.

அவன் மையத்திலிருந்து திரும்பி வந்த நான்காவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவனுடைய கறுப்புக் கோட்டைத் தேய்க்க எடுத்தாள். பைகளில் ஒன்றும் இல்லை. கீழ்மடிப்பில் இஸ்திரிப் பெட்டி தட்டியது. திருப்பிப் பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்கு மடிப்பைப் பிரித்து மறுபடி தைத்திருந்தது. வேறு யார் கண்ணிலும் படாது. நூல் அதே கறுப்புதான். ஆனால் அது அவள் தையல் இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, கோணல் நடை. பிரித்தாள். ஒன்பது மாத்திரைகள் இருந்தன.

அவளுக்கு அப்போது நினைவு வந்தது ஆலோசகர் எல்லோரையும் கூட்டிச் சொன்ன ஒரு விஷயம். சில வாரம் விட்டிருந்தவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடம்பு அதைத் தாங்காது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். மாத்திரையைத் திருப்பி வைத்தால் இவன் செத்துப்போவான் என்று நினைத்தாள். எட்டாம் நம்பரில் சொன்னால் அது எப்படியாவது மேனேஜர் காதுக்குப் போகும், இவனும் பஸ் ஏறுவான் என்றும் நினைத்தாள். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரம் நின்றதாகச் சொன்னாள். பிறகு, தனக்கு மட்டுமே செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். மாத்திரைகளை அழுக்குத் தண்ணீர் வாளியில் கரைத்துக் கொட்டினாள். மடிப்பை மறுபடி மூடித் தைத்தாள், அவன் தைத்த மாதிரியே. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நன்றாகத் தைக்கப் பழகிய கைக்கு அது எளிதில்லை; இரண்டு முறை பிரித்தாள். காணாமல் போனதைப் பற்றி அவன் யாரிடமும் கேட்க முடியாது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று காலை முழுவதும் தனக்கு லேசாக இருந்தது என்று அத்தை ஒப்புக்கொண்டாள்.

பையன் ஒரு மணிக்குக் கோட்டை வாங்கிக்கொண்டு போனான். எப்போதும் போல் கேலி பேசினான்.

மூன்று மணிக்கு அவன் எட்டாம் நம்பருக்குப் போகவில்லை. ஆலோசகர் கால் மணி நேரம் பார்த்துவிட்டுக் கைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடையிலும் சாப்பாட்டுக் கூடாரத்திலும் தேடிவிட்டு, குழுவினரின் பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது பஸ்ஸின் கடைசி இருக்கைக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே பையன் குப்புறக் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. வெளி வாசலில் யாரோ விற்றதை வாங்கியிருந்தான். அதில் என்ன கலந்திருந்தது என்று கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. ஆலோசகர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும், போதை மயக்கத்தை முறிக்கிற மூக்கு மருந்தை அடித்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார், இரண்டாவது முறையும் அடித்தார். நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அத்தை லாரியின் படியில் நின்று பார்த்தாள். அவனை ஏற்றும்போது கோட்டின் கீழ்மடிப்பு தாறுமாறாகக் கிழித்துத் திறந்து கிடந்தது தெரிந்தது.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் மயங்கி விழுந்தவன் வலது கையின்மேல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கிடந்திருக்கிறான். மேல்கையில் நரம்பு நசுங்கிப்போனது. மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது, விரல்கள் நிமிரவில்லை. சரியாகலாம், மாதங்கள் ஆகும், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

குழு மறுநாள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டது. அத்தை இஸ்திரிப் பெட்டியை நடனக்காரர்களில் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்தங்கினாள். இருபத்தெட்டு வருடத்தில் லாரி அவள் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடைகூடத்துப் பெஞ்சில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், கையில் ஆறிப்போன டீ. இரண்டு நாளாக அங்கேயே இருக்கிறார் என்று பையனின் அக்காள் கதவருகில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “காப்பாத்தினதே அவருதான். ஆனா அவரு மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். கேட்டா சொல்லவும் மாட்டேங்கறான். உங்களை மட்டும் விடச் சொன்னான்.”

உள்ளே பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வலது கை தலையணைமேல் ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டாள். வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டாள். அவன் திரும்பாமலே, வெளியே அந்த ஆள் இன்னும் இருக்கிறாரா என்றான். இருக்கிறார் என்றாள்.

“போகச் சொல்லுங்கக்கா. தினம் மூணு மணிக்குப் போயி எல்லாத்தையும் கொட்டினேன். கோட்டுல வச்சிருக்கேன், ஆனா தொட மாட்டேன், இருக்குதுன்னு தெரிஞ்சாலே தைரியமா இருக்குன்னுகூடச் சொன்னேன். நீயா எடுத்துட்டு வா, ரெண்டு பேருமா சேந்து தூக்கிப் போடலாம்னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை கொண்டு வரேன்னு நானும் சொன்னேன். அதுக்குள்ள எனக்குத் தெரியாம எடுத்துட்டாரு. பிரிச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல, அந்த ஆத்திரத்துலதான் வெளி வாசலுக்குப் போனேன்.”

அத்தைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எட்டாம் நம்பருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு வாரமாக அது வெளியே போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் மடிப்பைக் கிழித்திருக்கிறான்.

“அவரு எடுக்கல தம்பி. நான் எடுத்தேன்.”

அவன் சுவரிலிருந்து திரும்பினான். அத்தை சொல்லிக்கொண்டே போனாள், இஸ்திரிப் பெட்டி தட்டியதிலிருந்து வாளி வரை. ஒன்றையும் விடவில்லை. கேட்டு முடித்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அவள் எதிர்பார்த்தது இல்லை.

“அது என் தையல்தான்னு நெனச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்தேன். பிரிச்ச அடையாளமே இல்ல. அங்க மாத்திரை இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான், அவருதான் எப்படியோ எடுத்திருக்கணும்னு...” நிறுத்தினான். “ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்றாள் அத்தை.

“கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.”

கடைசியில் அவன் இடது கையால் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு, அவரை உள்ளே வரச் சொல்லுங்கள் என்றான்.

அத்தை நடைகூடத்துக்கு வந்தாள். ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் அவள் நின்றபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவள் நினைத்திருக்கலாம். அவர் வேலையே அதுதானே. ஆனால் அவர் முகம் கடுத்துப்போயிற்று.

“என்கிட்ட வந்தா மேனேஜர்கிட்ட போயிடும்னு நெனச்சீங்க.”

“ஆமா.”

“மாத்திரையப் பிடுங்கிட்டீங்கக்கா. அதத் தேடுறவனத் தனியா விட்டுட்டீங்க.” எழுந்தார். “எனக்கு இப்ப உங்க மேல கோவமா இருக்கு. அப்புறம் பேசறேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை அவர் எழுந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பையனின் அக்காள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். ரெண்டு நாளா மாட்டேன்னு இருந்தவன் இப்ப அவரைக் கூப்பிடுறானே, அப்படி என்னதான் சொன்னீங்க என்று நன்றியோடு கேட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை தன் கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளிடமும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.