புதுச் சிமெண்டுத் தரை

மூடிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் பார்த்து, அவை இன்னும் எதற்காவது உதவுமா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஈப்போவில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் இருக்கிறேன். ஐஸ் ஆலை, ஈயச் சுரங்கத்துப் பட்டறை, மர ஆலை என்று எதையாவது ஒருவர் வாங்குவார். உணவகமாக்கலாம், கிடங்காக்கலாம் என்று கனவு காண்பார். சுவர் நிற்குமா, கூரை தாங்குமா, மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று அதற்கு முன் ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான்.

இந்த வேலையில் சந்தேகம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. புதுச் சாயம் அடித்த சுவரைப் பார்த்தால் விரிசல் எங்கே என்று தேடுவேன். யாராவது என்னை அதிகமாக உபசரித்தால் எந்த அறையைக் காட்டாமல் விடப் போகிறார் என்று நினைப்பேன். என் கணவருக்கு இந்தக் குணம் பிடிக்காது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் என்னை ஏமாற்ற நினைத்தவர்கள் அநேகமாக எல்லோருமே நன்றாக உபசரித்தவர்கள்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். தோட்டம் என்று பெயர்தான், பால்மரங்களை எடுத்துவிட்டுச் செம்பனை வைத்துப் பல காலம் ஆகிறது. நடுவில் ரப்பர் ஆலை மட்டும் தகரக் கூரையோடு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ரப்பர் தாள்களைப் புகை போட்டுக் காயவைக்கும் உயரமான செங்கல் கட்டடம். ஈப்போவில் வியாபாரம் செய்யும் ஒருவர் அந்த இடத்தை வாங்கியிருந்தார். ஆலையைக் கல்யாண மண்டபமாகவும், புகைக் கட்டடத்தை டுரியான் பழம் வைக்கும் குளிர்க் கிடங்காகவும் மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய மேற்பார்வையாளர் எனக்காக வாசலில் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் பையில் கட்டிய தே ஓ, பால் சேர்க்காத தேநீர். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

“வாங்க மேடம். வெயில்ல நிக்காதீங்க. எல்லாம் நான் காட்டுறேன்.”

காட்டினார். உருளை இயந்திரங்கள் இருந்த மேடை, பாலை ஊற்றும் நீண்ட தொட்டிகள், துருப்பிடித்த தண்டவாளத் துண்டு என்று எல்லாவற்றையும் காட்டினார். தரை முழுதும் வெடித்து, வெடிப்புகளில் பெரணிச் செடி முளைத்திருந்தது. பின்பக்கம் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது.

“இது என்ன ரூம்?”

“அது ஒன்னும் இல்ல மேடம். சும்மா பழைய சாமான் போடுற இடம். சாவி தாவுக்கேகிட்ட இருக்கு.”

முதலாளியைத்தான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றுகொண்டார். அப்படி நின்றதுதான் என்னை உறுத்தியது. அவர் தொலைபேசி எடுக்கப் போன நேரத்தில் ஜன்னல் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். சாமான் எதுவும் இல்லை. தரை மட்டும் வெளுத்த சாம்பல் நிறத்தில், செடி கொடி இல்லாமல் மட்டமாக இருந்தது. அந்த ஆலையிலேயே புதிதாக இருந்த ஒரே பொருள் அந்தச் சிமெண்டுதான்.

பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுவார்கள், கழிவு நீரைக் குழியில் விடுவார்கள். அந்த மாதிரி குழிக்குள் எண்ணெய்ப் பீப்பாய்களைப் போட்டு மூடி, மேலே தரை பூசி விற்ற கதையை வேறோர் இடத்தில் நானே பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதுதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். மண் கெட்டுக் கிடப்பது தெரிந்தால் மண்டபத்துக்கு அனுமதி கிடைக்காது. அதனால் முதலாளி மூடியிருக்கிறார், மேற்பார்வையாளர் காவல் நிற்கிறார் என்று நினைத்தேன்.

ஆலைக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகள் ஒரு வரிசை இருந்தன. தோட்டம் கைமாறிய பிறகும் போக இடமில்லாமல் சில குடும்பங்கள் அங்கே தங்கிவிட்டன. நான் வெளிச்சுவரை அளந்துகொண்டிருந்தபோது, கையுறை ஆலையின் சீருடை போட்ட ஒரு பெண்மணி வேலிப் பக்கம் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

“என்னா அளக்குறீங்க?”

“ஆலையை மட்டும்தான் அக்கா. கட்டடம் உறுதியா இருக்கான்னு பார்க்கிறேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க பேச்சு வேற மாதிரி இருக்கே. யாழ்ப்பாணமா?”

“ஆமாம். ஆனா தாத்தா காலத்திலிருந்து ஈப்போதான்.”

“கிராணி வீட்டு ஆளு,” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த இன்னொருத்தியிடம் சொன்னார். அந்தக் காலத்தில் தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பெயர் எழுதிய கிராணிகள் பலர் எங்கள் ஆட்கள்தான். என் வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை பார்த்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போகலாம் என்று கார் அருகே வந்தால், பின் சக்கரம் தரையோடு படுத்திருந்தது. ஆணி எதுவும் இல்லை. காற்றடைக்கும் முனையின் மூடியைக் காணவில்லை. மேற்பார்வையாளர் உடனே ஓடிப்போய் மோட்டார் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, வியர்க்க வியர்க்கக் காற்றடித்துக் கொடுத்தார். “பசங்க விளையாட்டா செஞ்சிருப்பாங்க மேடம், மனசுல வச்சிக்காதீங்கலா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பம்பு அவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் எப்படி இருந்தது என்று ஈப்போ வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அலுவலகத்தில் என் மேலாளரிடம் சொன்னேன். அவர் அவசரப்படாத மனிதர். “சந்தேகத்தை அறிக்கையில் எழுத முடியாது. துளை போட்டுப் பார்,” என்றார்.

துளை போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் சாவி கிடைக்கவில்லை என்றார் மேற்பார்வையாளர். பிறகு மழை, ரோடு சேறு என்றார். கடைசியில் நான் நேராக முதலாளிக்கே போன் செய்தேன். “எந்த ரூம்? தாராளமா ஓட்டை போடுங்க,” என்றார் அவர், எதையும் யோசிக்காமல். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதையும் நான் சந்தேகப்பட்டேன்.

துளை போடுபவரோடு போனேன். அவர் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் கண்டோனீஸ்காரர், வேலை நேரத்தில் பேச மாட்டார். மேற்பார்வையாளர் பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவே இல்லை. சுவரோரம் நின்று எட்டிச் சுத்தியலால் தரையைத் தட்டினேன். ஓரத்தில் கெட்டியான சத்தம், நடுவில் டொம்மென்று வெற்றுச் சத்தம். நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, மறைப்பதற்கில்லை.

கருவி இறங்கிய வேகத்தைப் பார்த்துத் துளை போடுபவர் புருவத்தை உயர்த்தினார். மெல்லிய சிமெண்டு, அதற்குக் கீழே மரம், அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை. துளை வழியாக அழுகிய தண்ணீர் வாடை வந்தது. குனிந்து பார்க்கலாம் என்று நான் நடுத்தரைக்கு ஓர் அடி வைத்தேன்.

“நிக்காதீங்க! அதுக்கு மேல நிக்காதீங்க! ஓரமா வாங்க!”

கையுறை ஆலைப் பெண்மணிதான். எங்கிருந்து ஓடி வந்தாரோ, வாசற்படியில் மூச்சு வாங்க நின்றார். கருவியின் சத்தம் லயம்வரை கேட்டிருக்கிறது. துளை போடுபவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார்.

“உள்ள கம்பி கிடையாது,” என்றார் பெண்மணி. “பலகை போட்டு, அதுக்கு மேல கொட்டுனதுதான். ஆளு நின்னா உடைஞ்சிடும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாங்கதானே கொட்டுனோம்,” என்றார் பெண்மணி.

லோரி ஓட்டும் அவருடைய கணவர், ஒரு மழை நாளில் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார். அப்போது அந்த அறைக்குக் கதவே இல்லை. ஆலையின் பழைய கழிவுநீர்க் குழிமேல் கிடந்த பலகை உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். கால் முறிந்தது. இப்போதும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். அப்போது தோட்டத்தை வைத்திருந்த பழைய கம்பெனியிடம் போய்க் குழியை மூடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அத்துமீறி நுழைந்ததற்குக் கேஸ் போடுவோம் என்று பதில் வந்திருக்கிறது. பிள்ளைகள் சுற்றித் திரியும் இடம். கோயில் வேலையில் மிஞ்சிய சிமெண்டை எடுத்து வந்து அவர்களே மூடிவிட்டார்கள். மேற்பார்வையாளரும் அந்த லயத்தில் வளர்ந்தவர்தான். அவரும் சேர்ந்து சிமெண்டு குழைத்திருக்கிறார். பிறகு கதவு போட்டுப் பூட்டியதும் அவர்தான்.

“சொன்னா தாவுக்கே இவங்கமேல கேஸ் கீஸ் போட்டுடுவாரோன்னு பயம் மேடம்,” என்றார் அவர். “நீங்க வேற விடாம கேட்டுக்கிட்டே இருந்தீங்க.”

பீப்பாயும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிறகு தண்ணீரையும் மண்ணையும் சோதனைக்கு அனுப்பியதில் பயப்படும்படி எதுவும் வரவில்லை. முதலாளிக்கு அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது. நான் அடுக்கி வைத்திருந்த கதையில் ஒன்றுகூட உண்மையில்லை. அதைவிட, என்னை நம்பாத ஒருவர், தான் மறைத்ததெல்லாம் வெளியே வரும் என்று தெரிந்தும், நான் விழுந்துவிடக்கூடாது என்று ஓடி வந்திருந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“இப்போ ஒன்னு கேக்குறேன், நேரா சொல்லுங்க,” என்றார். “ஆலையை மட்டும்தான் பாக்குறேன்னு சொன்னீங்க. அந்தப் பிளான்ல எங்க வீடு எங்க இருக்கு?”

பிளான் காரில் இருந்தது. முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது. நான் ஆலைப் பகுதியை மட்டுமே விரித்துப் பார்த்திருந்தேன், மற்ற பக்கம் என் வேலை இல்லை. அன்றைக்கு முழுதாக விரித்துக் காரின் முன்பக்கத்தில் வைத்தோம். ஆலையும் புகைக் கட்டடமும் அவற்றின் இடத்தில் இருந்தன. லயம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வரையப்பட்டிருந்தன.

“இது என்னா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளரின் பிளானை வெளியாருக்குக் காட்டுவதே தப்பு. ஆனால் அவர் விரல் அந்தக் கட்டங்களின் மேல் இருந்தது.

“கார் நிறுத்துற இடம்,” என்றேன்.

மேற்பார்வையாளர் பிளானை நெருங்கி வந்து பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, என்னைப் போன்ற சந்தேகக்காரிக்கும்கூட. இதற்குள் பெண்மணியின் கணவர் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கார்ச் சக்கரத்தைக் காட்டினார்.

“அன்னைக்குக் காத்தைப் புடுங்குனது நான்தான். தப்பு பண்ணிட்டோமோன்னு இத்தனை நாளா சங்கடமா இருந்துச்சி. இப்போ இல்ல.”

அவர் பேசியதில் கோபம் இல்லை.

அறிக்கை எழுதுமுன் அந்தப் பெண்மணியிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. குழியை மூடியது யார் என்று எழுதட்டுமா, வேண்டாமா?

“எழுதுங்க,” என்றார். “யாரு மூடலன்னும் சேத்து எழுதுங்க.”

அப்படியே எழுதினேன். விபத்துக்குப் பிறகு, கேட்டும் யாரும் மூடாததால், அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக மூடியது என்று ஒரு வரி. கார் நிறுத்துமிடமாகக் காட்டப்பட்டுள்ள நிலத்தில் குடும்பங்கள் வசிக்கின்றன என்று இன்னொரு வரி. மேலாளர் இரண்டாவது வரியின் அருகே பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“இது நம்ம வேலையா?”

“குழியை எழுதுறோம். குழிக்குப் பக்கத்தில இருக்கிற மனுஷரை எழுதாமல் விட்டால் அந்த அறிக்கையை வாசிக்கிறவர் என்னத்தை நம்புவார்?”

அவர் அந்த வரியை அடிக்கவில்லை. நான் பிளானைக் காட்டியதையும் அவரிடம் சொன்னேன். “அதை எங்கிட்டச் சொல்லாமல் இருந்திருக்கலாம்,” என்று மட்டும் சொன்னார்.

முதலாளி எங்களை அலுவலகத்துக்கு அழைத்தார். அங்கே ஆள் குடியிருப்பதே தனக்குத் தெரியாது, பிளான் போட்டவர்கள் பழைய வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்றார். அந்த வீடுகளின் வாசலில் துணி காய்கிறது, மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ஆலைக்குப் போகும் ரோடே அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. நான் அவரை நம்பவில்லை. குழி விஷயத்தில் தப்பாகச் சந்தேகப்பட்டேன் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் பிளான் மாறியது. குழியை இறைத்து, கல் நிரப்பி, ஒழுங்காகக் கம்பி கட்டித் தரை போட்டார்கள். கார்கள் நிற்க மேட்டுப் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். லயத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உயரமான தகர வேலி வந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த வீடுகள் தெரியாது. வீடுகள் அங்கேயே இருக்கலாம் என்று முதலாளி வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. அந்தக் குடும்பத்தினர் இப்போது ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, நில அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். மேற்பார்வையாளர் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விட்டாரா, விடச் சொன்னார்களா என்பது தெரியவில்லை.

என் வேலை முடிந்த நாளில் லயத்துக்குப் போய் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புதுப் பிளானில் உள்ளதைச் சொன்னேன்.

“திரும்ப மாத்திட்டா உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது அக்கா. இனிமேல் எந்தப் பிளானும் என்னிடம் வராது.”

“ஆங்,” என்றார். அந்த ஒரு பதிலைத்தான் அவர் முழுதாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

என் நம்பரைக் கொடுத்தேன். போனில் பதிந்துகொண்டார். என்ன பெயர் போட்டுப் பதிந்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டார். இன்றுவரை அவர் என்னை அழைக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக இருப்பதாலா, அழைத்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைப்பதாலா, எனக்குத் தெரியாது.