கதவு திறந்திருக்கும் நேரம்

தாராவியில் பகலில் கதவைச் சாத்தக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டப்பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், உள்ளே சண்டை, இல்லாவிட்டால் சாராயம், அதுவும் இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஏதோ ஒன்று என்று சந்து முழுக்கப் பேசும். அதனால் அம்மா விடியுமுன் எழுந்து விற்பனைக்கு இட்லிப் பானையை ஏற்றுவதிலிருந்து, எல்லோரும் படுக்கும்வரை கதவைத் திறந்தே போட்டிருந்தாள். அவள் புடவை மாற்ற வேண்டுமானால் நான் வாசலில் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இட்லி விற்று முடித்து மதியம் படுக்கும்போது வாசலுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பாள். யாராவது கடந்துபோனால் எழுந்து உட்காருவாள். இருபது வருடம் தினமும் இதைப் பார்த்தவள் நான். பார்த்து என்ன பிரயோஜனம்?

எண்பதுகளின் நடுவில் மாதுங்காவில் ஒரு பொறியியல் ஆலோசகரிடம் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கட்டடம் எழும்புமுன்பே அதற்குள் எவ்வளவு சூடு இருக்கும், எவ்வளவு காற்று வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வேலை. சுவரின் கனம், ஜன்னலின் அளவு, உள்ளே எத்தனை பேர், அடுப்பு எவ்வளவு நேரம் எரியும், எல்லாவற்றையும் எண்ணாக்கித் தட்டுவேன். பம்பாயின் வெயிலும் காற்றும் மணிக்கணக்கில் ஃப்ளாப்பியில் இருந்தன. அரை நாள் ஓடியபின் பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பும். அந்த அறைக்கு ஏசி உண்டு, எங்களுக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், தாராவியை ஒட்டியிருக்கும் சயான் பெயரைச் சொல்லி வைத்திருந்தேன். வாயளவில் பாதித் தாராவி சயானில்தான் குடியிருந்தது.

அப்போதுதான் தாராவியில் குடிசைகளை எடுத்துவிட்டு நாலு மாடிக் கட்டடம் கட்டும் வேலை வந்தது. குடும்பத்துக்கு ஓர் அறை. வெளிச்சுவரில் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் வராந்தாவைப் பார்த்துக் கதவும் இன்னொரு ஜன்னலும். அந்த வராந்தா ஜன்னலை எடுத்துவிட்டால் செலவு குறையும், எடுக்கலாமா என்று கட்டுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தால் நுழைந்த காற்று வெளியேற வழியில்லை, மே மாத மதியத்தில் அறை வேகிறது என்று தாள் சொன்னது. ஜன்னல் வேண்டும் என்று எழுதி, அத்தோடு விட்டிருக்கலாம்.

ஆலோசகர் சார் என்னைக் கூப்பிட்டார். என் விண்ணப்பத்தில் இருந்த விலாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ அங்கேருந்துதானே வரே? ஜனங்க பகல்ல கதவைச் சாத்திப்பாளா?"

வெட்கத்தில் கூசிப்போனேன். ஆனால் அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த அலுவலகத்தில் என் விலாசத்துக்கு ஒரு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கம் பகலில் யாருமே கதவைச் சாத்துவதில்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். 'கதவு திறந்திருக்கும் நேரம்' என்ற வரியில் இருந்த பூஜ்ஜியங்களை அழித்து, காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டினேன். காற்று ஜன்னலில் நுழைந்து கதவு வழியே ஜம்மென்று போயிற்று. அறிக்கையில் 'குடியிருப்போர் வழக்கம்' என்று ஒரு வரி சேர்ந்தது, ஜன்னல் போனது. எங்கள் சந்தும் அந்தத் திட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

கட்டி முடித்ததும் குலுக்கலில் எங்களுக்கு மூன்றாம் மாடி விழுந்தது. குடிபோன சில நாளில், ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அப்பாவும் தம்பியும் வேலைக்குப் போயிருந்தார்கள். தட்டித் திறந்த அம்மா வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தாள். புடவையைத் தளர்த்திக்கொண்டு மறுபடி போய் மல்லாந்து படுத்தாள். என் அம்மா பகலில் மல்லாந்து படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கத்து அறைகளும் சாத்தித்தான் கிடந்தன. அக்கம்பக்கத்தார் எல்லாம் வேறு வேறு சந்துக்காரர்கள், சாத்திய கதவைப் பார்த்துப் புறம் பேச ஆள் இல்லை.

மார்ச் போய் ஏப்ரல் வந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இப்போது அது மதியம்தோறும் வந்தது, இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனோம். காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். புரோகிராமில் நான் தாராளமாக ஓடவிட்டிருந்த மின்விசிறியும் எங்களுக்கு இல்லை. மீட்டர் வராமல், பக்கத்திலிருந்து இழுத்த ஒயரில் ஒரு பல்புதான் எரிந்தது.

அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் எங்கள் அறையை மறுபடி ஓட்டினேன். பன்னிரண்டிலிருந்து நாலுவரை கதவுக்குப் பூஜ்ஜியம். வந்த தாளைச் சாரிடம் கொண்டுபோய், அந்த ஜன்னலை இனியாவது வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "திறந்திருக்கும்னு நீதானேம்மா சொன்னே?" என்றார். மாதுங்காவில் அவர் வீட்டுக் கதவு என்றைக்காவது திறந்து கிடந்திருக்குமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குற்றம் என்மேல்தான் இருந்தது.

மறுநாள் விடுமுறை போட்டுவிட்டு அம்மா அருகில் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டர், வராந்தாவில் வராமல் போன ஜன்னல், நான் சொன்ன சாட்சி, எதையும் மறைக்கவில்லை. மதியத்தில் மட்டும் கதவைத் திறந்து போடம்மா, இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும் என்று கெஞ்சினேன். எழுந்துபோய் நானே கதவைத் திறந்தும் வைத்தேன். வராந்தாவில் யாரோ ஓர் ஆள் பீடி குடித்துக்கொண்டு நின்றான். அம்மா சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"அங்க கதவு தொறந்து கெடந்துச்சு, சரிதான்," என்றாள். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "ஆசப்பட்டா தொறந்து போட்டேன்? ஊரு பேசுமேன்னுல்லா போட்டேன். இப்பந்தான் சாத்திப் படுக்கேன். என்ட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி?"

அழுகை வந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். பையில் அந்த பிரிண்டர் தாள் இருந்தது. அதை நாலாக மடித்து, அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கும்வரை விசிறிக்கொண்டிருந்தேன்.