குரங்குக் குட்டிக்குக் கோடித் துணி

என் மாமியாருக்குக் குரங்கைக் கண்டாலே ஆகாது. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர்கள் ஏதேதோ ஊர்களில் இருக்கிறார்கள், மாடியில் குரங்குகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் காயப்போடும் வத்தலில் பாதி அவற்றுக்குத்தான் போகும். அத்தை எந்நேரமும் கையில் கம்போடு மொட்டை மாடிக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருப்பார். "இதுக எல்லாம் நாசமாப் போக" என்று திட்டாத நாள் கிடையாது. அந்த அத்தைதான் போன பங்குனியில் ஒரு குரங்குக்காக மூக்கைச் சிந்தி அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். குரங்குகளைப் பற்றி எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. பக்கத்து மாடிக் கூட்டத்தை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். வலுத்தது தின்று முடிக்கும்வரை இளைத்தது தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். தாய்க்குக் கூட்டத்தில் என்ன இடமோ அதுதான் மகளுக்கும். பெரிய இடத்துக் குரங்குக்குப் பேன் பார்த்துவிட்டுக் காரியம் சாதித்துக்கொள்ளும் குரங்குகளும் உண்டு. எங்கள் ஆசிரியர் அறையும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. "மிஸ், கொரங்குல இருந்தா மிஸ் நாம வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, இரண்டு பேருக்கும் மூதாதை ஒன்று என்று சொல்லித் தருவேன். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது குரங்குகளை நினைத்துச் சங்கடமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு குட்டி மின்கம்பியைத் தொட்டுக் கீழே விழுந்தது. தெருவே பார்த்தது. தாய் இறங்கி வந்து அதைத் தூக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு மதில்மேல் ஏறிப் போனது. குட்டி பற்றிக்கொள்ளவில்லை, தலை தொங்கியது. அன்றிலிருந்து நாலைந்து நாள் அது அந்தக் குட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் அணைத்துக்கொண்டு மூன்று காலால் நொண்டி நொண்டி நடந்தது. ஈ மொய்த்தால் விரட்டியது. மற்ற குரங்குகள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தன, ஆனால் ஒன்றுகூடக் குட்டியைப் பிடுங்கவில்லை. செத்தது தெரிந்து சுமக்கிறதா, தெரியாமல் சுமக்கிறதா என்று படித்தவர்களாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. அதை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

அத்தை கம்பைக் கீழே போட்டுவிட்டார். மதில்மேல் வாழைப்பழம் வைத்தார், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். நாற்றம் வருகிறது என்று எதிர்வரிசை விடுதிக்காரர்கள் சொல்லி, ஊராட்சியிலிருந்து ஓர் ஆள் சாக்கும் தொரட்டியுமாக வந்தார். அத்தை வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"ஏப்பா, அங்குட்டுப் போப்பா! பெத்தவகிட்ட இருந்து புடுங்குவியா? அவளா மனசு வந்து கீழ வைக்கட்டும். நீயும் ஒரு தாய் வயித்துல பொறந்தவன்தான?"

அவர் பாவம், சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் முதல் பிள்ளை பெண். வளைகாப்புப் போட்டு, சிங்கம்புணரியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக நாள் பார்த்திருந்த நேரம். ஒருநாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை. காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயே பெற்றேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நான் கையை நீட்டினேன். அத்தை நர்சிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பாக்க வேணாம்த்தா, பாத்தா மனசுல ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சுற்றியிருந்த பச்சைத் துணியைத்தான் நான் பார்த்தேன். அம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த அவசரத்துக்குக் காரணம் என் நாத்தனாரின் கல்யாணம். முகூர்த்தக்கால் ஊன்றியாகிவிட்டது. கால் ஊன்றிய வீட்டில் சாவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அதனால் என் பிள்ளை சாகவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். என்னை அம்மாவோடு சிங்கம்புணரிக்கு அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், "மருமக பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கு, இன்னும் நாள் இருக்கு" என்றார்கள். நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகையில் ஒரு பந்தை சிங்கம்புணரிக்குக் கொடுத்துவிட்டார்கள், பால் வற்றுவதற்கு வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லி. இன்றுவரை நான் மல்லிகை வைப்பதில்லை.

பிறகு ஒரு மகன் பிறந்தான். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: அவளை எங்கே புதைத்தீர்கள்? அத்தையைக் கேட்டால், "ஒம் புருசனுக்குத்தான் தெரியும்" என்பார். இவரைக் கேட்டால், "அம்மாதான் பாத்துக்கிட்டாக" என்பார். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் காலையில் தாய்க்குரங்கு தானாகவே குட்டியை மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. திரும்ப வந்து தொட்டுப் பார்த்தது. அப்புறம் கூட்டத்தோடு போய்விட்டது. அத்தை பீரோவைத் திறந்து புது வெள்ளைத் துணி எடுத்தார். இவர் வேப்பமரத்தடியில் குழி வெட்டினார். நல்ல ஆழமாகவே வெட்டினார், நாய் தோண்டிவிடக் கூடாதாம். பால் ஊற்றினார்கள், சூடம் காட்டினார்கள். தெரு ஆட்கள் ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். "பச்ச மண்ணு, என்ன பாவம் பண்ணுச்சு" என்று அத்தை விசும்பினார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

கொல்லைக் குழாயடியில் இருவரும் கை கால் கழுவும்போது போய் நின்றேன்.

"என் புள்ளைய எங்க பொதச்சீக?"

அத்தை இவரைப் பார்த்தார். இவர் அத்தையைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குத்தா அது?"

"சொல்லுங்கத்தே. ரெண்டு பேரும் இங்கதான இருக்கீக."

குழாயைத் திருகி மூடிவிட்டு அத்தை சொன்னார். "ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற பொம்பளகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். பாத்துக்கிறேன்னு சொன்னா. மறுநா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராக. கால் ஊண்டுன வீட்டுல இருந்து யாருத்தா மயானத்துக்குப் போறது?"

இவர் நகத்து இடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "நீ பொதச்சுட்டதாத்தான்மா நான் நெனச்சேன்" என்றார். இத்தனை வருடமும் அவர் தன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கொரங்குக்குக் குழி வெட்டத் தெரிஞ்சுச்சுல்ல?" என்றேன்.

"அது வாயில்லா சீவன்த்தா, அதுக்கு என்ன தெரியும்? நீ மனுசி. சொன்னாப் புரிஞ்சுக்குவ" என்றார் அத்தை. சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்புகிறார்.

அவர் குரங்குக்காக அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையான அழுகைதான், அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் குரங்கால் எங்கள் வீட்டில் நிற்கப்போகிற கல்யாணம் ஒன்றும் இல்லை. அதன் துக்கத்தைச் சம்பந்தி வீட்டாரிடம் மறைக்க வேண்டியதில்லை. நட்டம் இல்லாத இடத்தில் மனிதருக்கு இரக்கம் தாராளமாக வருகிறது. ஒரே தட்டில் சாப்பிடுகிறவள் கை நீட்டும்போதுதான் சாத்திரமும் சம்பிரதாயமும் நினைவுக்கு வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் இப்போது ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஆஞ்சநேயர் அம்சம் என்று சனிக்கிழமை தோறும் அத்தை விளக்கேற்றுகிறார். முழங்கால் வலி என்றால் என்னைப் போகச் சொல்வார். முதலில் முடியாது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். இப்போது போகிறேன். இரண்டு செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு போய் அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மருமகளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அத்தைக்குச் சந்தோஷம். பூ வைக்க எனக்கு வேறு இடம் இல்லை.