திரும்ப உள்ளே வையுங்கள்

மண்டையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, புருவத்துக்கு மேலே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே, "அண்ணே, கொஞ்சம் தலையைத் தூக்குறேன்" என்கிறார் டாக்டரம்மா. மேசையில் படுத்திருப்பவர் உயிரோடு இல்லை. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் இதைக் கேட்டுச் சிரித்த முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "அது, இதுன்னா பல்லைத் தட்டிடுவேன். அவருன்னு சொல்லு."

உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் மேடத்திடம் மரியாதை இல்லை என்பது மாணவர்களின் அங்கலாய்ப்பு. அவர்மேல் வீசும், உடலைப் பதப்படுத்தும் மருந்து வாடை தாங்காமல் அவருடைய கணவர் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திவிட்டார். "பொணத்தைக் கட்டிக்கிட்டு அழறவளைக் கட்டிக்கிட்டு நான் அழறேன்" என்று அந்த மனிதர் சொல்லும்போது முதலில் சிரிப்பதும் டாக்டரம்மாதான்.

மூளையை எடுக்க ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும் என்பது அவர் கட்சி. கைரம்பத்தால் எலும்பைப் பாதி ஆழம்தான் அறுப்பார். மீதியை உளியைச் செருகித் திருப்புவார். மண்டையோட்டின் மேல்பாகம் மூடிபோலக் கழன்று வரும். உள்ளே இருக்கும் உறையை வெட்டியதும், தலையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துக் காத்திருப்பார். மூளை தன் கனத்திலேயே மெல்லச் சாயும். சாயச் சாய, அதைப் பிடித்திருக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் சொல்லவைத்து, வெட்டுவார். "இழுத்தே, தொலைஞ்சே. அத்தனையும் பிஞ்சுடும். அப்புறம் என்னத்தைப் படிப்பே?"

இந்த ஆண்டு வகுப்புக்குக் கிடைத்தது ஒரே உடல். தையற்காரர். சாகும் முன்பே தன்னைத் தானமாக எழுதிவைத்தவர். ஒப்படைக்க வந்த மனைவி கேட்டது ஒன்றுதான்: "படிக்கிற பிள்ளைங்களைத் தவிர வேற யாரும் இவரை வேடிக்கை பார்க்க மாட்டாங்களேம்மா?"

"நான் இருக்கேன். நீங்க தைரியமா போயிட்டு வாங்க" என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்குக்குத்தான் வேட்டு வைத்தார்கள். தண்டுவடத்தையும் அறுத்து, மூளை முழுசாகக் கைக்குள் வந்த நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு கல்லூரி முதலாளி நுழைந்தார். பின்னால் ஒரு கேமராக்காரர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு. மாணவர் சேர்க்கைக்கு விளம்பரமாம். செருப்புக் கடைக்கு எடுப்பது போல இதற்கும் எடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை.

"வெளிய போங்க சார். அவர் வீட்டுக்கு நான் சொல்லியிருக்கேன்."

"செத்தவருக்கு என்னம்மா வெட்கம்?" என்றார் முதலாளி.

கேமராக்காரர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வெளிய வர்றது சரியா விழலை சார். இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க."

"அதுக்கென்ன, திரும்ப உள்ள வெச்சு எடுங்களேம்மா. என்ன கெட்டுப்போகுது?"

நரம்புகள் அத்தனையும் வெட்டியாயிற்று. பெட்டியில் துணியைத் திரும்ப மடித்து வைப்பது போல நினைத்துப் பேசுகிறார், மருத்துவக் கல்லூரி நடத்துகிற மனிதர். டாக்டரம்மாவை அடுத்த ஆண்டு வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் இவர் இஷ்டம்.

டாக்டரம்மா கத்தவில்லை. முதலாளியின் எதிரே போய் நின்று, "கையை நீட்டுங்க சார்" என்றார். வாங்கியே பழகிய கைகள், தாமாக நீண்டன. சொட்டச் சொட்ட மூளையை அந்த வெறுங்கைகளில் வைத்தார்.

"நீங்களே உள்ள வெச்சுக் காட்டுங்க. மெதுவா. இத்தனை வருஷம் இதுலதான் அந்த மனுஷன் ஊருக்கெல்லாம் அளவு ஞாபகம் வெச்சிருந்தாரு. இதாலதான் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

கேமராக்காரர் யாரும் சொல்லாமலே விளக்கை அணைத்தார். முதலாளியின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்தது. வைக்க இடம் தேடி, மேசையையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கிக்கம்மா" என்றார்.

டாக்டரம்மா தன் இரண்டு கைகளையும் அவருடைய கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். வாங்கிக்கொள்ளத்தான் இல்லை.