வாசல்படி வரை எட்டும் புடவை

அக்டோபர் 9, புதன்கிழமை. 5.10க்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். 6.30க்கு அத்தைக்கு இரண்டு இட்லி ஊட்டினேன், ஒன்றரைதான் இறங்கியது. எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு, வாளி, மதியத்துக்குப் பிசைந்த சோறு. 7.20க்கு அவளை ஜன்னல் கம்பியில் கட்டினேன். 7.30க்கு ஷூ கம்பெனி பஸ். எனக்கு டைம் ஆபீஸில் வேலை, மனைவிக்குத் தையல் பிரிவில். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஏழு மாதமாக என் நாட்குறிப்பில் இந்த வரிசை மாறவில்லை.

கட்டுவது அவளுடைய பழைய வாயில் புடவையால்தான். அதில் முதன்முதலாகக் கட்டப்பட்டவன் நான். அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பேரணாம்பட்டிலிருந்து வந்த அப்பாவின் தங்கை, திரும்பிப் போகவேயில்லை. கணவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் வீடு ஆம்பூரில், தோல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையோரம். அத்தை சமைக்கும்போது என் இடுப்பில் புடவையைச் சுற்றி மறுமுனையைத் தூணில் கட்டுவாள். நீளத்தை நடந்து பார்த்தே வைப்பாள். வாசல்படி வரை எட்டும், ரோடு எட்டாது. பின்னாளில் ஷூ கம்பெனிக்குப் போன தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் அவளிடம் விட்டுப் போனார்கள். சில நாள் ஒன்பது பிள்ளைகள்கூட இருக்கும். முப்பது வருடம், யாரிடமும் எதுவும் வாங்காமல்.

"இன்னாக்கா, புள்ளைங்களா ஆட்டுக்குட்டிங்களா?" என்று ஒருத்தி சிரிப்பாள்.

"கட்டினா அழும், அவ்ளோதான். லாரில மாட்டிச்சின்னா அழறதுக்கும் புள்ள இருக்காதுடி."

அத்தை இன்னொன்றும் சொல்வாள்: "கட்டினவ எழுந்து போவக் கூடாது." கடைக்குப் போவதென்றால் அத்தனை முடிச்சையும் அவிழ்த்து, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான் போவாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. இரண்டு முறை லாரிகளுக்கு நடுவே நின்று, பிள்ளைகளின் அம்மாக்கள் வரும் கம்பெனி பஸ் எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஏழு மாதத்துக்கு முன், பகலில் அவளோடு கொஞ்சம் உட்கார முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன். அவளுடைய இரண்டு பையன்களும் எங்கள் தூணில் வளர்ந்தவர்கள்.

"நானா? எனக்கே முட்டிவலி ஜாஸ்தி. பைத்தியத்த பாத்துக்க ஆளு வச்சிக்கயேன்பா."

மறுநாள் கட்டினேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று, கட்டிலைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாக.

அந்தப் புதன்கிழமை மாலை, நாங்கள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, குடியிருப்போர் சங்கத்தார் பொன்னாடையுடன் வந்துவிட்டார்கள். அத்தையின் சமூக சேவைக்கு மரியாதை. செயலாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் அவுத்து வுடுங்கண்ணே. போட்டோல முடிச்சு தெரியும்."

அவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி அத்தையின் தோளில் சாய்ந்து, "என் புள்ளைங்கள வளத்த தெய்வம்" என்று அழுதாள். முதல் படத்தில் அவள் கண் மூடியிருந்ததால் இன்னொரு முறை அழுதாள். பத்து நிமிடத்தில் எல்லோரும் போய்விட்டார்கள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை தன் தோளில் போர்த்தியிருந்த பொன்னாடையை உருவி முறுக்கினாள். என் இடுப்பில் சுற்றி முடிச்சிட்டாள். மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்டத் தெரியாமல் போன விரல்கள் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதடா. நான் எங்கியும் போவல."

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். நான் எழவில்லை. அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிய பிறகுதான் அவிழ்த்தேன். இடுப்புக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி இடம் விட்டிருந்தாள். ஏழு மாதத்தில் நான் அப்படி விட்டதில்லை.

அக்டோபர் 10, வியாழக்கிழமை. முதல் வேலையாக ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, புடவையை நீட்டி, வாசல்படி வரை நடந்து பார்த்தேன். எட்டியது. இரண்டு விரல் இடம் விட்டு, 7.20க்கு அவளைக் கட்டினேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.