லாச்சிக்குள் இருந்த திறப்பு

அரசாங்க உத்தியோகம் என்றால் மின்விசிறிக்குக் கீழே இருந்து சம்பளம் எடுப்பது என்று நினைப்பவர்கள், எங்கள் கந்தோருக்கு வருகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் வரவும். விடியச் சேலை கட்டிப் பஸ் ஏறும் லிகிதர் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் நாள்

நெளுக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கிளிநொச்சிப் பக்கம் ஒரு கந்தோரில் (பெயர் வேண்டாம்) இறங்கியதும் கழிப்பறையைத் தேடினேன். முற்றத்தில் இருந்தது ஆண்களுக்கு. உள்ளே மாபிள் பதித்த ஒன்று பூட்டிக் கிடந்தது. திறப்பு பிரதம லிகிதரின் மேசை லாச்சிக்குள். போய்க் கேட்டேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது மேலிடத்து ஆக்கள் வந்தால் திறக்கிறது, பிள்ளை. நீங்கள் வீட்டிலயே போயிட்டு வரலாம்தானே?"

சுகந்தியின் லீவு

என்னோடு நியமனம் பெற்ற சுகந்தியும் நானும் காலைத் தேநீரையே விட்டோம். மேலிடத்தாருக்குத் தேநீர் ஊற்றுவது மட்டும் நாங்கள்தான்; ஆண் லிகிதர்களுக்குக் கேத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு வருடப் பயிற்சி என்று எடுத்தார்கள். இரண்டாம் வருடமும் பயிலுநர்களாகவே இருந்தோம். லீவு போட்டால் அந்தச் சொற்பக் கொடுப்பனவிலும் வெட்டு விழும். அப்படியிருக்கச் சுகந்திக்குச் சிறுநீரில் கிருமி, காய்ச்சல். நிறையத் தண்ணீர் குடித்து நாலு நாள் படுக்கச் சொன்னார் டொக்டர். அவளுடைய லீவுக் கடிதத்தை நான்தான் பிரதம லிகிதரிடம் நீட்டினேன். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, அவருக்குச் சிரிப்பு வந்தது: "தண்ணி குடிக்கிறதுக்கும் லீவோ?"

படிவம்

பெண் உத்தியோகத்தருக்குக் கழிப்பறை உண்டா என்று கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. "உண்டு எண்டு அடியுங்கோ" என்றார் பிரதம லிகிதர். அடித்தேன்: 'உண்டு. பூட்டியுள்ளது. திறப்பு பிரதம லிகிதரின் லாச்சியில்.' எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது அவர் வழக்கம். இதற்கும் வைத்தார்.

அடுத்த கிழமை மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தா. "இஞ்ச ஒரு குறையும் இல்லை, மேடம்" என்று இவர் குழைய, அவா கையை நீட்டினா: "நீங்கள் கையெழுத்து வச்சதை வாசிச்சிட்டுத்தான் வந்தனான். லாச்சியைத் திறவுங்கோ."

வெற்றி

அன்று சுகந்தியும் நானும் ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் குடித்தோம். மறுநாள் திறப்பு ஆணியில் தொங்கியது. பக்கத்தில் ஒரு புதுப் பதிவேடு: பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டுத் திறப்பை எடுத்தேன். பின்னாலிருந்து பிரதம லிகிதரின் குரல்: "காரணம் எண்ட இடத்தை வெறுமையா விடக்கூடாது, பிள்ளை."

எங்களை இன்னமும் பயிலுநர்களாக வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் எழுதித் தராத கந்தோருக்கு, நாங்கள் நாளுக்கு மூன்று தரம் காரணம் எழுதிக் கொடுக்கிறோம்.