மூன்றாமவருக்குப் போட்ட வாக்கு

அமெரிக்கத் தேர்தல் முடிவு தெரிந்த அன்று அக்கா அங்கிருந்து போனில் கோல் எடுத்தாள். வெள்ளவத்தையில் எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் கடந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“நான் ரெண்டு பேருக்கும் போடேல்லையடா. மூண்டாம் கட்சிக்குத்தான் போட்டனான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அங்கே குடியுரிமை எடுத்து எங்களுக்கு ஸ்பொன்சர் எழுதிப்போட்டுப் பன்னிரண்டு வருடம். என் மகளுக்கு இப்போது இருபது வயது. விசா வருமுன் இருபத்தொன்றாகிவிட்டால் அந்த விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடலாம். நானும் மனைவியும் போக, பிள்ளை இங்கே தனியே நிற்கவேண்டும். வென்றவரோ வெளியாட்களின் வரவை இறுக்கப்போவதாக மேடைக்கு மேடை சொன்னவர். அக்கா இருப்பது இழுபறியான மாநிலம். இத்தனையும் தெரிந்துகொண்டு, வெல்லவே மாட்டாத ஒருவருக்குப் போட்டிருக்கிறாள்.

“உனக்கென்ன விசரே அக்கா? பிள்ளையை ஒருக்கா யோசிச்சனியே?”

“யோசிச்சனான். வேற சனத்தின்ர தலையில போடக் குண்டு அனுப்புற ரெண்டு பேரில ஒராளை எப்பிடித் தெரிஞ்செடுக்கிறது? நீயும் நானும் பங்கருக்குள்ள இருந்த ஆக்கள்தானே.”

நான் இன்னும் சத்தம் போட்டேன். வாக்கைக் குப்பையில் எறிந்துவிட்டாய் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் திருப்பிக் கேட்டாள்.

“உங்கட எலெக்சனில நீ ஆருக்குப் போட்டனி?”

எங்கள் ஜனாதிபதித் தேர்தல் சில வாரங்களுக்கு முன்தான் முடிந்திருந்தது. வெல்லமாட்டார் என்று தெரிந்தே நானும் ஒரு தமிழ் வேட்பாளருக்குத்தான் போட்டேன். சொன்னேன். சொன்ன கையோடு, இங்கே விருப்பு வாக்கு இருக்கிறது, முதல் ஆள் தோற்றாலும் இரண்டாவது ஆளுக்கு அது உதவும் என்று நியாயமும் பேசினேன்.

“ரெண்டாவது ஆளுக்கு ரெண்டெண்டு எழுதினனியே?”

“ஓம், எழுதினனான்.”

“அப்ப நல்லது. எங்களுக்கு இஞ்ச அது இல்லையடா. உன்ர வாக்கெண்டாலும் வீணாப் போகேல்லை” என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம்தான் என்னைச் சுட்டது.

எழுதினேன்தான். ஆனால் முதல் ஆளுக்கு 1 என்று எழுதாமல், இத்தனை வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் X என்று புள்ளடியைப் போட்டுவிட்டது. பிறகுதான் விருப்பு வாக்கு ஞாபகம் வந்து, இன்னொருவருக்கு நேரே 2 என்று எழுதி, பெரிய கெட்டிக்காரன் மாதிரி மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். புள்ளடியும் இலக்கமும் கலந்தால் அந்த வாக்கு செல்லாது. மறுநாள் பத்திரிகையில் அதை எனக்கு வாசித்துக் காட்டியது மகள்.

நான் போனை வைத்தபோது அவள் அறை வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“மாமியின்ர வாக்கை எண்ணியாவது இருப்பினம், அப்பா” என்றாள்.